குளித்த சில மணி நேரத்திலேயே அக்குள் நாற்றம் திரும்பிவிடுகிறது

கேள்வி:
நாள்தோறும் இருமுறை சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த சட்டையையே அணிந்தும், நண்பகலுக்குள் அக்குளில் வெங்காயம் போன்ற வாடை எழுந்துவிடுகிறது. சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
வியர்வைக்கு இயல்பில் பெரிதாக மணம் கிடையாது. அக்குளிலுள்ள அப்போகிரைன் என்னும் வியர்வைச் சுரப்பிகள் கசியவிடும் நீர்மத்தைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களே அந்த வெங்காய வாடைக்குக் காரணம். எனவே பாக்டீரியாவைக் குறைக்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு என்னும் கிருமிக்கொல்லி கலந்த வாஷை (தோல் கழுவும் நீர்மம்) அக்குளில் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு அலசிப் பாருங்கள். ஆனால் அது துணியை வெளுத்துவிடும். என் நீலத் துண்டில் இன்றும் இரண்டு வெள்ளைத் திட்டுகள் உள்ளன. தோல் எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 2:
அலுமினிய உப்பு கலந்த வியர்வைத் தடுப்பானைக் காலை அவசரத்தில் ஈரத்தோடு பூசாமல், வியர்வை குறைவாகச் சுரக்கும் இரவு நேரத்தில், நன்கு உலர்ந்த தோலில் பூசுங்கள். முடியை மழித்த உடனே மட்டும் வேண்டாம்.

மறுமொழி 3:
சட்டையையும் சற்றுச் சந்தேகியுங்கள். பாலியஸ்டர் துணி பருத்தியைவிட அதிகமாக வாடையைப் பிடித்துவைக்கும். துவைத்த சட்டையின் அக்குள் பகுதியில் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் முகர்ந்து பாருங்கள். பழைய வாடை கிளம்பினால் குற்றவாளி துணிதான்.

கேள்வி கேட்டவர்:
முகர்ந்து பார்த்தேன். என் அலுவலகச் சட்டைகள் நான்கும் பாலியஸ்டர். நான்கிலும் அதே வாடை.