கரையிலிருந்து 76 மி.மீ. பீரங்கிப் பயிற்சி: பாதுகாப்பு அதிகாரியே சுடும் கட்டளையும் கொடுக்கலாமா?

நங்கூரம்:
கரைத் தளத்திலிருந்து கடலை நோக்கிச் சுடும் பயிற்சிக்கு ஆள் பட்டியல் போடுகிறேன். இலக்கு மிதவை 6 கி.மீ. தூரத்தில். ஆள் குறைவு என்பதால் பாதுகாப்பு அதிகாரியே சுடும் கட்டளையும் கொடுத்தால் ஒருவர் மிச்சமாகும். லுக்அவுட் (கடலைக் கண்காணிப்பவர்) இருவர், அபாயப் பகுதி 8 கி.மீ. போதுமா?

கலங்கரை:
8 கி.மீ. போதாது. அபாயப் பகுதியைக் கணக்கிடுவது மிதவை இருக்கும் தூரத்தை வைத்து அல்ல; குண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்து. 76 மி.மீ. சாதாரணக் குண்டு 16 கி.மீ.க்கு மேலும் போகலாம். ஏற்றக்கோணம் ஒருமுறை பிசகினால் அந்தத் தூரம் நிஜமாகிவிடும். பீரங்கியின் ஏற்றத்தை இயந்திரத் தடை போட்டுக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் குறைக்கலாம். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் குண்டு மூழ்காமல் எகிறிப் பக்கவாட்டிலும் விலகும். அதனால் இருபுறமும் விசிறிபோல அகலம் சேருங்கள்.

லுக்அவுட் கணக்கும் இடிக்கிறது. கண் மட்டம் கடலிலிருந்து 4 மீட்டர் என்றால் தொடுவானம் சுமார் 7.7 கி.மீ.; 16 மீட்டர் கோபுரம் இருந்தாலும் 15.4 கி.மீ.தான். ஃபைபர் படகு ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும், அலையடித்தால் அதுவும் போச்சு. தூர முனைக்குக் காவல் படகு வேண்டும். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகப் படகு ஒரு நிமிடத்தில் 460 மீட்டர் உள்ளே வந்துவிடும். பறந்துகொண்டிருக்கும் குண்டைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. ஆகவே படகு எல்லையைத் தொடும் முன்பே சுடுவதை நிறுத்த வேண்டும்.

பிரீச்:
கலங்கரை சொன்னது சரி. பதவியைச் சேர்ப்பது பற்றி: கூடவே கூடாது. சுடும் கட்டளை கொடுப்பவரின் கண் இலக்கிலும் குண்டு விழும் இடத்திலும் இருக்கும். பாதுகாப்பு அதிகாரி பார்க்க வேண்டியது பீரங்கியின் திசை, ரேடார் திரை, லுக்அவுட் தகவல். 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மறுபடி தொடங்க அனுமதி பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் மட்டும்.

ஆள் குறையும்போது முதலில் கழற்றிவிடுவது பதிவு எழுதுபவரைத்தான். அது பெரிய தப்பு. குண்டு வெளியேறாமல் குழலிலேயே நின்றால், குழல் சூடா இல்லையா என்பதை அவர் எழுதிய எண்ணிக்கையும் நேரமும்தான் சொல்லும். பிரீச்சை (குழலின் பின்புற மூடியை) திறக்காதீர்கள். குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். பீரங்கி பின்னுதைக்கும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். சூடான குழலில் வெப்பத்தாலேயே வெடிமருந்து பற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்கான செயல்முறை வேறு.

நங்கூரம்:
அப்படியானால் ஆள் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது?

பிரீச்:
ஆளைக் குறைக்காமல் சுடுவதைக் குறையுங்கள். உண்மைக் குண்டுச் சுற்றுகளைப் பாதியாக்கி, மீதியைப் போலிக் குண்டு வைத்துப் பழகலாம். பீரங்கிக் குழு ஒன்று போதும். லுக்அவுட்டுக்கு மாற்று ஆள் மட்டும் கட்டாயம். வெறும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கலங்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. மாலுமிகளுக்கான அறிவிப்பு, விமானங்களுக்கான அறிவிப்பு இரண்டும் போனாலும், மீன்பிடித் துறைமுகங்களுக்கு நேரடியாகச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். சின்னப் படகுக்காரர் அந்த அறிவிப்புகளைப் படிப்பதில்லை. சுடும் அன்று விஎச்எஃப் சேனல் 16-இல் (கப்பல்களும் படகுகளும் கேட்கும் பொது ரேடியோ அலைவரிசை) அறிவித்து, பதில் வராத படகை ஆள் அனுப்பித்தான் விலக்க வேண்டும். பயிற்சி ரத்தானால் அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தமுறை யாரும் நம்பமாட்டார்கள்.