படகு வேலைக்கு மல்டி டூல்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரையான், டொராண்டோ

என் படகின் மேல்தளத்தை அறுத்துத் திறந்து வைத்த படத்தை இங்கே போட்டதும் எந்த மெஷினால் வெட்டினேன் என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். மல்டி டூல்தான், பிளேடு சுற்றாமல் ஆடுகிற அந்த மெஷின்.

ஒன்டாரியோ ஏரியில் ஓடும் என் பாய்மரப் படகு 1970-களில் கட்டியது. பைபர் (கண்ணாடி இழை) படகு என்று பெயரே தவிர மேல்தளம் முழுக்கப் பைபர் கிடையாது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் பால்சா என்ற லேசான மரம். போல்ட் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, பாய்மரத் தூணைச் சுற்றி பால்சா அழுகிவிட்டது. மிதித்தால் தளம் பொதுக்கென்று அமுங்கும்.

மேல் தகட்டை மட்டும் அறுத்து மூடிபோலக் கழற்ற வேண்டும். அது 3 மில்லிமீட்டர் தடிமன். ஆழம் கொஞ்சம் கூடினாலும் கீழ்த் தகடும் போய், கேபினுக்குள் நின்று வானம் பார்க்கலாம். பிளேடில் வேண்டிய ஆழத்தை விட்டு, அதற்கு மேலே சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டேன். டேப் தளத்தைத் தொட்டால் நிறுத்து, அவ்வளவுதான். நீளக் கோட்டுக்கு அரைவட்ட பிளேடு, மூலைக்கு நேர் பிளேடு. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய தகட்டை விட்டு உள்ளே தள்ளித்தான் வெட்ட வேண்டும். மூடியைத் திரும்ப ஒட்டியபின் இரண்டு பக்கமும் சரிவாக இழைத்து மேலே கண்ணாடித் துணி போட அந்த விளிம்பு தேவை. சரிவு 1-க்கு 12, அதாவது 3 மி.மீ. தகட்டுக்கு 36 மி.மீ. தூரம். இதை மல்டி டூலோடு வரும் முக்கோண சாண்டரில் (உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது) செய்யப் பார்க்காதீர்கள், விடிந்துவிடும். வட்ட சாண்டரை எடுங்கள்.

மூடி வந்தபின் அடியில் இருந்தது மரமே இல்லை, கறுப்புக் களி. கையாலேயே அள்ளினேன். விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்துக்கு மட்டும் சுரண்டும் பிளேடு தேவைப்பட்டது. வேறு எந்த மெஷினும் அந்த இடுக்கில் நுழையாது.

பல் வைத்த பைமெட்டல் (இரண்டு வகை எஃகு சேர்த்த) பிளேடு பைபரில் ஒரு முழம் போவதற்குள் மழுங்கிவிடும். கண்ணாடி இழை எஃகைத் தின்றுவிடும். கார்பைடு என்ற மிகக் கெட்டியான பொருளின் துகள் ஒட்டிய பிளேடு விலை கூட, ஆனால் முழு மூடியையும் ஒரே பிளேடில் முடிக்கலாம்.

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்த மெஷினின் குணம் பிடிபடும். இதன் பூர்வீகம் ஆஸ்பத்திரி. 1967-இல் ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி மாவுக்கட்டு அறுக்கச் செய்த ரம்பத்திலிருந்து வந்தது. பிளேடு மூன்று நான்கு டிகிரிக்குள் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 தடவை இடமும் வலமும் ஆடும். கெட்டியான மாவை அறுக்கும், மெத்தென்ற தோல் கூடவே ஆடுவதால் தப்பிக்கும். படகிலும் இதே கதைதான். பைபர், மரம், போல்ட் அறுபடும். ஈரப் பால்சாவும் ரப்பர் சீலன்ட்டும் கூடவே ஆடிக்கொண்டு நிற்கும். (அதற்காகக் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். மர பிளேடின் பல் வேறு ரகம்.)

நாகை பைபர்

அண்ணே, எங்கள் பக்கம் படகு வேலை என்றால் கிரைண்டர்தான், சக்கரம் சுழன்று வெட்டுகிற கை மெஷின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகையெல்லாம் அதற்குள் சரிசெய்து இறக்கியாக வேண்டும். நாலு இஞ்ச் சக்கரம் ஒரே இழுப்பில் முடிக்கிற வெட்டை உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தால் பட்டறையில் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புதான். நீள வெட்டுக்கு இன்றைக்கும் நான் கிரைண்டரைத்தான் எடுப்பேன்.

ஆனால் மூலையில் கிரைண்டர் தோற்றுப்போகும். சக்கரம் வட்டம் அல்லவா, மேலே வெட்டு மூலையை எட்டும்போது அடியில் இன்னும் எட்டியிருக்காது. அடியையும் எட்டவைக்க மேலே கோட்டைத் தாண்டி இழுப்பார்கள். அப்படித் தாண்டிய கீறலை ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) பூசி மறைத்துவிடலாம், ஆனால் அடுத்த சீசனில் விரிசல் அங்கேதான் புறப்படும். மல்டி டூலின் நேர் பிளேடு குத்திய இடத்திலேயே நேராக இறங்கும், கோடு எங்கே நிற்கிறதோ வெட்டும் அங்கேயே நிற்கும். பழுது பார்க்க வந்த படகில் புதுப் பழுது வைக்காமல் அனுப்பலாம், நான் வாங்கியது இதற்குத்தான்.

பைபர் படகின் உள்ளே குறுக்குக் கட்டைகளை மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு மூடியிருப்பார்கள். ஆணி இறங்கிய ஓட்டையில் தண்ணீர் புகுந்து உள்ளே கட்டை மக்கிவிடும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் 'டங் டங்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறும். அங்கே சாக்பீஸால் கோடு. கட்டையின் மேல்முகத்து மேட்டை மட்டும் பெட்டியின் மூடிபோல அறுத்து, மக்கியதைத் தோண்டி, காய்ந்த கட்டையைத் திணித்து, ரெசின் பசையும் மேட்டும் போட்டு மூடுவோம். பக்கவாட்டில் இருக்கும் பழைய மேட் படகின் உடம்போடு ஒட்டியபடியே நிற்கும். கிரைண்டர் என்றால் பக்கத்தையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டிவரும்.

மர வல்லத்துக்கு இது இன்னும் உபயோகம். பலகை மாற்றும்போது துருவேறிய ஆணியைப் பிடுங்கப் போனால் வங்கு (பலகையைத் தாங்கும் விலாக் கட்டை) பிளந்துவிடும். பலகைக்கும் வங்குக்கும் நடுவில் மெல்லிய பைமெட்டல் பிளேடை நுழைத்து ஆணியை அறுத்துவிட்டால் பலகை தானாக விலகும். வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அறுங்கள். இரும்பு, செம்பு எல்லாம் போகும். ஸ்டெயின்லெஸ் மட்டும் பைமெட்டலுக்கு எமன், அதற்கு கார்பைடு பல் வேண்டும்.

தூசி பற்றி யாரும் சொல்லவில்லை. கிரைண்டர் பைபர் தூசியைப் பத்து வீட்டுக்கு வீசும், இது காலடியில் கொட்டும். அதனால் மாஸ்க் வேண்டாம் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மூக்குக்கு மாஸ்க், முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். முகத்தில் துண்டு கட்டுவது கணக்கில் வராது.

தேக்குத் தச்சன், துபாய்

நான் பார்ப்பது உல்லாசப் படகுகளின் தேக்குத் தளம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் ஓடும். வெயிலில் அது காய்ந்து ஓரம் விட்டதும் மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஏரிக்கரையான் சொன்னது சரி, பல் பிளேடு ரப்பரை அறுக்காது, ரப்பர்தான் உருகிப் பல்லில் அடைத்துக்கொள்ளும். இதற்கென்றே கொக்கிபோல வளைந்த கத்தி பிளேடு இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டே வந்தால் ரப்பர் நாடாவாக உரிந்து வரும். வேகம் பாதிக்கு மேல் வேண்டாம். கை சற்றுச் சாய்ந்தால் தேக்கின் விளிம்பு போய்விடும், வெள்ளைக் கோடாக வாசலிலேயே தெரியும். படகுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பலகைகளுக்கு நடுவிலுள்ள காடி (பள்ளம்) சுத்தமானதும் அடியில் ஒட்டாத டேப் போட்டுவிட்டுத்தான் ரப்பர் ஊற்ற வேண்டும். ரப்பர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்தால் பலகை சுருங்கி இடைவெளி விரியும்போது அதுவும் விரியும், அடியையும் பிடித்தால் கிழியும். பழைய தளம் எதைப் பிரித்தாலும் பாதிக்கு மேல் இந்த டேப் இருப்பதில்லை.

கடையால், ராமேஸ்வரம்

நாகை அண்ணே, பேட்டரி மெஷினா, கரண்ட் மெஷினா? எங்கள் கடையில் ஒரு பிளேடு எடுத்தேன், நண்பர் மெஷினில் மாட்டவில்லை. ஏன்?

நாகை பைபர்

தம்பி, கடற்கரையில் வேலை என்றால் ஜெனரேட்டர் எப்படியும் ஓடும், கரண்ட் மெஷினே எடு. மேட்டை ஒரு மணி நேரம் அறுத்தால் சின்ன பேட்டரியெல்லாம் தாங்காது. தண்ணீரில் நிற்கும் படகில் ஏறி ஒரு போல்ட் அறுக்க மட்டும் பேட்டரி நல்லது, வயரை உப்புத் தண்ணீரில் இழுக்க வேண்டாம்.

பிளேடு மாட்டாததற்குக் காரணம் அதன் நடு ஓட்டை. போஷும் ஃபைனும் சேர்ந்து 2016-இல் ஸ்டார்லாக் என்று ஒரு பூட்டு கொண்டுவந்தார்கள். அதில் சாதா, பிளஸ், மேக்ஸ் என்று மூன்று. மேக்ஸ் மெஷினில் மூன்று பிளேடும் ஏறும், சாதா மெஷினில் சாதா மட்டும்தான் ஏறும். பழைய மெஷின்களில் திருகு போட்டு இறுக்குவது, அதற்குத் தட்டையான வேறு பிளேடு. அந்தத் திருகு ஆட்டத்தில் தளரும், வெட்டு கோணலானால் முதலில் அதைப் பார். ஒரு நல்ல கார்பைடு பிளேடு விலைக்கு ஒரு டஜன் கிரைண்டர் சக்கரம் வாங்கலாம், அதனால் அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி எடுக்காதே. மெஷினையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்கு.