செத்த ஆட்டின் வயிற்றில் கண்டது: உங்கள் அனுபவம் என்ன?

மூதூர்க்காரன்:
மாரி முடிந்து தை பிறந்த கையோடு என் கொட்டிலில் இரண்டு மறிகள் செத்தன. கழிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தாடைக்குக் கீழே மட்டும் பை தொங்குவதுபோல வீக்கம். குளிர் பிடித்திருக்கிறது என்று நானே முடிவுகட்டி மஞ்சள் பூசினேன். மூன்றாவது மறியும் விழுந்த பிறகுதான் மிருக வைத்தியரை அழைத்து வந்தேன்.

அவர் முதலில் உயிரோடு நின்ற ஆடுகளின் கீழிமையை இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் கஞ்சித் தண்ணீராய் வெளுத்திருந்தது. பிறகு செத்த ஆட்டின் நான்காம் இரைப்பையைக் கீறினார். குடற்புழு என்று நாம் சொன்னாலும், ஆடுகளைக் கொன்ற புழு குடியிருப்பது அங்கேதான். தையல் நூல் தடிப்பில் நூற்றுக்கணக்கான புழுக்கள்! ஒன்றை எடுத்துப் பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டு வைத்தார். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போலிருந்தது. சிவப்பு, அது குடித்த இரத்தம். வெள்ளை, அதன் கருப்பை. பெயர் ஹீமோங்கஸ். பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடுமாம். மழை ஈரத்தில் குஞ்சுகள் புல்லில் ஏறி ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும்.

"பூச்சி மருந்து கொடுத்தேனே" என்றேன். "ஆட்டின் எடையை நிறுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். குட்டிக்கும் கிடாய்க்கும் ஒரே மூடிதான் ஊற்றியிருந்தேன். மருந்து குறைந்தால் வலுவான புழு தப்பிப் பிழைத்து, மருந்துக்கு அடங்காத சந்ததியை விட்டுப்போகும் என்றார்.

பட்டிக்காரி, கிண்ணியா:
தம்பி, எருமையில் கதை வேறு. எங்கள் பட்டியில் மூன்று வாரக் கன்று ஒன்று களிமண் நிறத்தில், கிட்டப் போக முடியாத நாற்றத்தோடு கழிந்தது. மருந்து கொடுத்த மறுநாள் சாணத்தோடு சாண் நீளத்தில் வெள்ளைப் புழுக்கள் வந்தன, அவித்த இடியப்பம் போல. அன்று இரவு நான் இடியப்பம் தொடவில்லை. புல்லே கடிக்காத கன்றுக்குப் புழு எங்கிருந்து வந்தது? தாயின் பாலிலிருந்து. இளம்புழு தாயின் உடம்பில் உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றதும் மடிக்கு வந்துவிடுகிறது. இப்போது கன்று பிறந்த நாளைக் கொட்டில் கப்பில் கரியால் எழுதிவைத்து, இரண்டு வாரம் கழிந்ததும் மருந்து கொடுக்கிறோம்.

கோட்டையடி:
திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்களை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். நான் புழுக்கையைப் பார்க்கிறேன். (வீட்டில் ஏச்சு.) மழைக்காலத்தில் சில மான்களுக்கு அது உருண்டையாக விழாமல் கூழாக ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம் புழுவா, கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு வருவோர் கொடுக்கும் பழத்தோலா என்று கண்ணால் சொல்ல முடியாது, நுண்காட்டியில் முட்டை தேட வேண்டும். ஆனால் மூதூர்க்காரர் சொன்ன முறுக்குப் புழு மானின் வயிற்றிலும் வாழக்கூடியது. ஆடும் மானும் ஒரே புல்லை மேய்ந்தால் அதற்கு வேலி கிடையாது.

கந்தளாய்:
செத்த யானையொன்றை அறுத்தபோது தள்ளி நின்று பார்த்தேன். இரைப்பைச் சுவரில் மஞ்சள் நிறத்தில் கொழுத்த புழுக்கள் அப்பிக்கிடந்தன. புழு என்பதும் சரியில்லை, ஒருவகை ஈயின் குஞ்சுகள்.

உப்புவெளி:
நாயை விட்டுவிட்டீர்களே. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்த மருமகனுக்குப் பாதத்தில் செந்நிறக் கோடு ஒன்று பாம்புபோல நாளுக்கு நாள் நீண்டது. நாய், பூனைகளின் கொழுக்கிப்புழுக் குஞ்சு தோலுக்கடியில் வழி தெரியாமல் அலைகிறது என்றார் டொக்டர். அந்த இனத்தில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே இருக்கிறது: அன்கைலோஸ்டோமா சிலானிக்கம். 1911இல் லூஸ் என்பவர் இலங்கை மரநாயின் குடலிலிருந்து எடுத்து விவரித்தது. அது தோலோடு நிற்பதில்லை, மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டையிடும். எங்கள் கூரையில் மரநாய், முற்றத்தில் நாய், நடுவில் நாங்கள்.

மூதூர்க்காரன்:
தொங்குதராசு ஒன்று இரவல் வாங்கியிருக்கிறேன். உரச்சாக்கில் நான்கு கால்களுக்கும் ஓட்டை போட்டு நேற்று முதல் மறியைத் தூக்கினேன். நான் 30 கிலோ என்று மதித்தது 22தான். கிடாயைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறான்.