தில்லிக் குளிரில் ரோடு சைக்கிள்: உடுப்புக்கும் டயருக்கும் சேர்த்து 5,000 ரூபாய்தான் இருக்கிறது

முனிர்கா மதுரைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி ஜூலையில் தில்லி வந்தேன். முனிர்காவில் மாடி அறை. வந்த இடத்தில் பழைய ரோடு சைக்கிள் ஒன்று கைக்கு வந்தது. அலுமினியம் பிரேம், ரிம் பிரேக், 700 x 23 டயர் (23 என்பது மி.மீ. அகலம்). சனி ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி சாந்தி பத், விஜய் சௌக், இந்தியா கேட் என்று ஒரு கூட்டத்தோடு சுற்றுவேன். அக்டோபர் வரை சொர்க்கம். இப்போது நவம்பர் கடைசி, கியர் மாற்ற விரல் மடங்க மாட்டேன் என்கிறது. "இதெல்லாம் குளிரா? ஜனவரி வரட்டும்" என்று கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். மார்கழியில் மஃப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களைக் கேலி செய்து வளர்ந்தவன் நான்.

யூடியூபில் பார்த்தால் குளிர்கால ஜாக்கெட், முழுக்கால் டைட்ஸ், ஷூவுக்கு உறை, ஆணி பதித்த டயர் என்று அடுக்குகிறார்கள். எல்லாம் வாங்கினால் சைக்கிள் விலையைத் தாண்டிவிடும். என்னிடம் இருப்பது பேட் வைத்த அரைக்கால் ஷார்ட்ஸ், காட்டன் பனியன்கள், ஆபீஸில் கொடுத்த பாலியஸ்டர் டீஷர்ட்கள், அம்மா கூரியரில் அனுப்பிய மங்கி குல்லா. டயர் தேய்ந்து நடுவில் தட்டையாகிவிட்டது, பஞ்சர் மேல் பஞ்சர். மொத்தமாக 5,000 ரூபாய் ஒதுக்க முடியும். எதை முதலில் வாங்குவது, எதை விட்டுவிடலாம்?

ஆர்.கே.புரம் பழசு எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஆணி டயரை மறந்துவிடுங்கள். பின்லாந்து, ஸ்வீடன் பக்கம் சாலையில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும், அதைக் கடித்துப் பிடிக்கத்தான் அந்த ஆணி. நம் ஊரில் ஜனவரி விடிகாலை 4, 5 டிகிரி வரை இறங்கும், ஆனால் ரோட்டில் ஐஸ் கட்டாது. காய்ந்த தாரில் ஆணி டயர் ஓட்டினால் சத்தமும் பாரமும்தான் மிச்சம். டயர் விஷயத்தை இங்கே எழுதுகிற ஸ்போக்கு வந்து விளக்கட்டும், அது அவர் ராஜ்ஜியம். நான் உடுப்புக்கு வருகிறேன்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் கை. மார்புக்கும் முதுகுக்கும் வீட்டில் இருப்பதே போதும். மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகிவிடும், கை மட்டும் ஹேண்டிலில் அசையாமல் காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். 7 டிகிரியில் 25 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு 3 டிகிரி போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது, அதனால் இது சொகுசுச் சமாச்சாரம் இல்லை. கரோல் பாக் நாயிவாலாவில் மோட்டார் சைக்கிள் கையுறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மெத்தை மெத்தையாக இருப்பதை வாங்காதீர்கள், பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது. ஒரு சைஸ் பெரிதாக, வெளிப்பக்கம் காற்றுப் புகாத துணியாகப் பார்த்து வாங்கி, உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று போடுங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, எத்தனை தடிமனாக இருந்தாலும் விரல் விறைக்கும். கடையிலேயே ரெண்டையும் மாட்டிக்கொண்டு சைக்கிள் பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு விரலை மடக்கிப் பாருங்கள்.

மேல் உடம்புக்கு ஆபீஸ் டீஷர்ட்டை உள்ளே போடுங்கள், உடம்போடு ஒட்டுகிற சைஸாக இருந்தால் நல்லது. காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், டீக்கு இறங்கினதும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர். அதற்கும் மேல் விண்ட்சீட்டர், சும்மா நைலான் துணி போதும். ரப்பர் பூசிய மழைக்கோட்டுப் போட்டால் வியர்வை உள்ளேயே தேங்கும். சரோஜினி நகரில் ஏற்றுமதிக் கழிவு விண்ட்சீட்டர் குவியலாகக் கிடக்கும். காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் கம்பளியும் தெர்மலும் நன்றாக இருக்கும், பாதி விலையில் பேரம் ஆரம்பியுங்கள், கடைக்காரர் கோபப்படுகிற மாதிரி நடிப்பார்.

காசில்லாத வைத்தியம் ஒன்று. நியூஸ்பேப்பர். நாலாக மடித்து ஸ்வெட்டருக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவே நெஞ்சில் செருகுங்கள். டூர் டி பிரான்ஸில் மலை ஏறி முடித்தவர்கள் இறக்கத்துக்கு முன்னால் ரசிகர்களிடம் பேப்பர் வாங்கி ஜெர்சிக்குள் திணித்துக்கொள்வது ரொம்பப் பழைய வழக்கம். சூடேறினால் உருவி டீக்கடையில் கொடுத்துவிடலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை இந்திப் பேப்பர் நல்ல கனம், விளம்பரம் அத்தனை.

முழங்காலை மூட மறக்காதீர்கள். அங்கே கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை, எதிர்காற்று நேராக மூட்டில் அடிக்கும். பேட் ஷார்ட்ஸுக்கு மேல் ஓட்டக்காரர்கள் போடுகிற சாதாரண டைட்ஸ் போட்டாலே போதும், பேட் வைத்த முழுக்கால் டைட்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஷூ உறைக்குப் பதில் பழைய முரட்டு சாக்ஸ் ஒன்றை ஷூவுக்கு மேலேயே மாட்டி, அடியில் கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் கட்டை) வருகிற இடத்தில் கத்தரியால் ஓட்டை போட்டுவிடுங்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் கால்விரல் பிழைக்கும்.

அம்மா அனுப்பிய மங்கி குல்லா வீட்டுக்குள் போட்டுக்கொள்ள. ஹெல்மெட்டுக்குள் அதைப் போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே மிதக்கும், காதும் கேட்காது, பின்னால் டிடிசி பஸ் வருவதும் தெரியாது. காதை மட்டும் மூடுகிற மெல்லிய பட்டை வாங்குங்கள்.

கிளம்பும்போது லேசாக நடுங்க வேண்டும், அதுதான் கணக்கு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஏதோ ஒரு துணி அதிகம்.

யமுனைக்கு அக்கரை எழுதியது:

பழசு சார் சொன்னதில் உடுப்பு எல்லாம் சரி. ஆனால் ஐந்தரை மணிக்கு ஏன் கிளம்ப வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே! மே மாதம் அந்த நேரம் சரி. ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழேகால் ஆகிவிடும். அந்த இருட்டில் குளிர், மூடுபனி, புகை மூன்றும் உச்சத்தில் இருக்கும். ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலே கிளம்பாமல் அப்படியே படுத்துக்கிடக்கும், புகையும் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். வெயில் ஏறிக் காற்று கலைந்த பிறகுதான் கொஞ்சம் விலகும். நான் மயூர் விஹாரில் இருந்து குளிர்காலம் முழுக்கப் பதினொரு மணிக்கு மேல்தான் சைக்கிளை எடுப்பேன். ஒரு ஸ்வெட்டர் போதும், பாதிச் செலவு மிச்சம். கூட்டத்தோடு போகிற ஜாலி போய்விடும், அது உண்மை.

அப்புறம் மாசு. அரசாங்கக் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 301 முதல் 400 வரை 'மிக மோசம்', 401க்கு மேல் 'கடுமை'. 300 தாண்டினால் நான் வெளியே எடுப்பதில்லை, வீட்டில் கயிறு தாண்டுவேன். ஒன்று கவனியுங்கள், அந்தக் குறியீடு 24 மணி நேர சராசரி. நேற்று ராத்திரிப் புகையும் அதில் சேர்ந்திருக்கும். அந்த மணி நேரத்து பிஎம் 2.5 (மிக நுண்ணிய தூசி) அளவைத் தனியாகப் பாருங்கள். என்95 முகமூடி போட்டு மெதுவாகப் போகலாம், மூச்சு வாங்க மிதித்தால் ஓரமாகக் காற்று கசியும், மூடுபனியில் நனைந்தும் போகும்.

காலையில்தான் போவேன் என்றால் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் போகாதீர்கள் தம்பி. ரோடு போடுகிறவர்கள் அணிகிற பளபளக்கும் வெஸ்ட் ரொம்ப மலிவு. கணுக்காலிலும் அந்தப் பட்டையை ஒட்டுங்கள், மிதிக்க மிதிக்க மேலும் கீழும் ஆடுவதால் கார்க்காரர் கண்ணுக்குச் சட்டென்று படும். முன் விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், நேராக வைத்தால் மூடுபனியில் வெள்ளைத் திரைதான் தெரியும். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காக விஜய் சௌக், இந்தியா கேட் பக்கம் மூடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்போக்கு எழுதியது:

டயருக்கு வருவோம். யமுனை அக்கா சொன்னபடி பகலில் போனாலும் டயர் மாற்றத்தான் வேண்டும், நடுவில் தட்டையான டயரில் ரப்பரே மிச்சமிருக்காது.

தில்லிக் குளிரில் டயருக்கு எதிரி குளிர் கிடையாது, பனி ஈரம்தான். இரவுப் பனியில் ரோட்டுத் தூசியும் எண்ணெயும் குழைந்து பசை மாதிரி ஆகிவிடும். வெள்ளைக் கோடு, மேம்பாலத்து இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி இந்த மூன்றின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் நேராகப் போங்கள். கண்ணாடித் தூளும் ஈரத்தில்தான் ரப்பருக்குள் சுலபமாக வழுக்கி இறங்கும். ஆழமான பூ (ரப்பர் வெட்டு) உள்ள டயர் வாங்கினால் வழுக்காது என்று கடைக்காரர் சொல்வார். கார் டயருக்கு அது சரி. சைக்கிள் டயர் ஒல்லி, உள்ளே அழுத்தமும் அதிகம், தண்ணீரைத் தானே பிளந்துகொண்டு போகும். பிடிப்புக் கொடுப்பது ரப்பரின் தரமும் காற்றின் அளவும்தான்.

23ஐ விட்டு 25க்கு வாருங்கள். 28 இன்னும் நல்லது, ஆனால் பழைய ரிம் பிரேக் பிரேமில் இடம் இருக்குமா என்பது சந்தேகம். காற்றை முழுக்க அடித்துவிட்டு, டயருக்கும் மேலே உள்ள பிரேக் வளைவுக்கும் நடுவே ஆலன் கீயை (ஆறு பட்டை இரும்புச் சாவி) விட்டுப் பாருங்கள். 5 மி.மீ. கீ உரசாமல் போனால் 25 தாராளமாக உட்காரும், ஏனென்றால் டயர் உயரம் ஏறக்குறைய 2 மி.மீ.தான் கூடும். பிரேமின் பின்பக்கம் செயின் ஸ்டே (பின்சக்கரத்துக்கு இருபுறமும் போகும் அடிக் குழாய்கள்) நடுவிலும் பாருங்கள், நிறைய வண்டியில் அங்கேதான் உரசும்.

வாங்குவதற்கு ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட். மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம். ஆனால் அங்கே போய் "அட்டாயிஸ் கா டயர்" (28 இன்ச் டயர்) என்று மட்டும் கேட்காதீர்கள். பால்காரர் சைக்கிளுக்கு வருகிற 28 x 1½ டயரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் உள்விட்டம் 635 மி.மீ., உங்கள் ரிம் 622. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ரிம்மில் நிற்காது. டயர் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 25-622 என்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மடிக்கிற வகை வேண்டாம், கம்பி பீட் (ஓரத்தில் கம்பி வைத்த) வகை போதும், எடை கொஞ்சம் கூடும், விலை நன்றாகக் குறையும். மிதிக்கிற பரப்புக்கு அடியில் பஞ்சர் தடுக்கும் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். பட்ஜெட்டில் 3,000 வரை இதற்கு ஒதுக்கலாம், மீதியில் கையுறை, விளக்கு, விண்ட்சீட்டர்.

பக்கவாட்டில் எழுதியிருக்கிற பிஎஸ்ஐ (காற்றழுத்தக் கணக்கு) அதிகபட்ச அளவு, அத்தனையும் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 70 கிலோ ஆளுக்கு 25 டயரில் பின்னால் 85, முன்னால் 75 என்று ஆரம்பியுங்கள், ஈரத்தில் இன்னும் ஐந்து குறைக்கலாம். மத்தியானம் 22 டிகிரியில் அடித்த காற்று மறுநாள் காலை 7 டிகிரியில் ஐந்து பிஎஸ்ஐ தானாகவே குறைந்து காட்டும், பஞ்சர் என்று பயந்து டியூபைக் கழற்றாதீர்கள்.

பஞ்சர் ஏன் இத்தனை என்றால் லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளே இருக்கிற எஃகுக் கம்பி நார் நாராக ரோட்டில் கிடக்கும். முடி அளவு கம்பி, கண்ணுக்குத் தெரியாது. டயரில் ஏறி உட்கார்ந்து, நாலைந்து நாள் கழித்துத்தான் டியூபைத் தொடும். நீங்கள் டியூபை மாற்றுவீர்கள், கம்பி அங்கேயே இருக்கும், மறுபடி பஞ்சர். பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டி டயரின் உட்பக்கம் ஒரு சுற்றுத் தடவுங்கள், நூல் இழுக்கிற இடத்தில்தான் கம்பி. நகம் வெட்டியால் கவ்வி வெளியே இழுங்கள். வெளிப்பக்கத்துக் கண்ணாடித் தூளை ஊக்கு முனையால் கிளறி எடுக்கலாம்.

முனிர்கா மதுரைக்காரன்:

மூன்று பேருக்கும் நன்றி. சாக்ஸ் வைத்தியம் இப்போதே செய்தேன், பின் டயரில் ஒரு கம்பி மாட்டியது! 5 மி.மீ. கீ முன்னாலும் பின்னாலும் போகிறது, 6 போகவில்லை. அக்கா, சனிக்கிழமை கூட்டத்தோடு ஏழரைக்கு மாற்றச் சொல்லிப் பார்க்கிறேன், ஞாயிறு பகலில் தனியாகப் போய்க்கொள்கிறேன். ஒரு சந்தேகம். இந்த மாதம் ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் எந்தச் சக்கரத்துக்கு? டியூபும் புதிதாக வேண்டுமா?

ஆர்.கே.புரம் பழசு:

பின்னால் போடுங்கள். எடை முழுக்க அங்கே, தேய்வதும் பஞ்சராவதும் அங்கேதான்.

ஸ்போக்கு:

சார், மன்னிக்கணும், இதில் மட்டும் நான் எதிர்க்கட்சி. பின் டயர் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் ஆள் தரையில். புதியதை முன்னால் போடுங்கள், இப்போது முன்னால் இருப்பது பின்னதை விடக் கம்மியாகத் தேய்ந்திருக்கும், அதைப் பின்னால் மாற்றுங்கள். டியூப் பெட்டியில் 18-25 அல்லது 20-28 என்று போட்டிருந்தால் அதே டியூப் போதும். ஒட்டுமேல் ஒட்டுப் போட்டதை மட்டும் மாற்றுங்கள், மாட்டுவதற்கு முன் கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளுங்கள், டயரோடு ஒட்டாது.