புது டெஸ்க்டாப்: பழைய ராமைப் போடலாமா?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன், ரைசன் 5 7600 பிராசஸர் பார்த்து வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் டிடிஆர்4 ராமையே (முந்தைய தலைமுறை மெமரி) போடலாமா? கிராபிக்ஸ் கார்டு இப்போதே வேண்டுமா?

பதில் 1: முடியாது நண்பரே. 7600 உட்காரும் ஏஎம்5 வகை மதர்போர்டு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். ராமின் அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் வரும், அழுத்தினாலும் உட்காராது, போர்டுதான் கெடும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். எதற்கும் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: 7600க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கார்டை அப்புறம் பார்க்கலாம். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப் பிராசஸர் எடுத்தால் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது.

பதில் 3: பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகும் அளவைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்தை அல்ல.

கேட்டவர்: சரி, டிடிஆர்5தான். பவர் சப்ளைக்கு எத்தனை வாட் போதும்?

பதில் 3: பிற்பாடு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு போடுவீர்கள் என்றால் 650.