லோக்ரோ கெட்டிப்படாமல் நீர்த்துப்போவது ஏன்?

கேள்வி: 1810 மே புரட்சியின் நினைவாக மே 25 அன்று அர்ஜென்டினக் குடும்பங்கள் சமைக்கும் லோக்ரோ என்னும் மக்காச்சோளக் குழம்பை வீட்டில் செய்தேன். 3 மணி நேரம் கொதித்த பின்னும் மக்காச்சோளம் வேகவில்லை, குழம்பும் நீர்த்தே இருந்தது. எங்கே தவறினேன்?

பதில் 1: தோல் நீக்கிய வெள்ளை மக்காச்சோளத்தையும் வெள்ளை பீன்ஸையும் முந்தைய இரவே ஊறவைத்து, மறுநாள் பன்றி இறைச்சியுடன் சிறு தீயில் வேகவிட வேண்டும். குழம்பைக் கெட்டியாக்குவது மாவு அன்று, பூசணிதான்; ஆகவே அது முற்றிலும் கரைந்து மஞ்சள் நிறம் பரவும்வரை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். பொறுமைதான் இதில் பாதிச் சமையல்.

பதில் 2: இதில் சேர்க்கும் சோரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சியிலேயே உப்பு உண்டு என்பதால் உப்பைக் கடைசியில் சேருங்கள்.

பதில் 3: வெங்காயத்தாளையும் காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூளையும் எண்ணெயில் வதக்கி, பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள். அது இல்லாத லோக்ரோவை நான் முழுமையானதாகக் கருதமாட்டேன்.