பதில்: ரிடண்டன்சிக்கு 'மிகைமை' சரிவராது, 'மறுகாப்பு' என்று வைத்துக்கொள்வோமா?

வணக்கம்.

> ரிடண்டன்சிக்கு 'மிகைமை' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது நியாயம்தான். நான் சொல்லும் ரிடண்டன்சி, ஒரு கருவி கெட்டாலும் அதே வேலையைச் செய்ய இன்னொன்று கூடவே இருப்பது. இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் கட்ட எனக்கும் ஆசை இல்லை. ஆனால் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, உவரிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேருக்கு காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் டெக்னிக்கல் டைவிங்குக்கு என்ன சாமான் எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே தடுக்கிவிட்டது. 'சுவாசக் கருவியில் மிகைமை வேண்டும்' என்று எழுதிக் காட்டினேன். ஒருவன் கேட்டான்: "மிகைன்னா கூடுதல்தானண்ணே, அப்ப காசு இல்லாதவன் அத விட்டுரலாமா?"

அந்தக் கேள்வியோடு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மிகை என்று சொன்னாலே 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்றுதான் காதில் விழுகிறது. தகவல் கோட்பாட்டிலும் தரவுத்தளத்திலும் அது பொருத்தமான சொல், அங்கே ஒரே செய்தி தேவைக்கு மேல் திரும்ப வருவதைத்தான் சொல்கிறார்கள், அங்கே அது இருக்கட்டும். கடலுக்குள் நிலைமை வேறு. சாதாரண ஸ்கூபாவில் 40 மீட்டர்தான் எல்லை, அதுவும் எந்த நேரமும் நேராக மேலே வந்துவிடலாம் என்கிற கணக்கில்தான் இறங்குவார்கள். டெக்னிக்கல் டைவிங்கில் உடம்பில் கரைந்த வாயு வெளியேற வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். தலைக்கு மேல் திறந்த கடல்தான், ஆனாலும் கூரை போட்ட மாதிரி. ஒரு கருவி கெட்டால் மேலே ஓடி வந்து சரிசெய்துகொள்ள முடியாது, இருக்கும் இடத்திலேயே இன்னொன்று வேலையைக் கையில் எடுத்தாக வேண்டும்.

> 'ஸ்டெப்னி'ன்னே சொல்லிரலாம், எல்லாருக்கும் புரியும்.

தம்பி சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் அதுவும் ஒரு இடத்தில் இடறுகிறது. ஸ்டெப்னி மாட்ட வண்டியை ஓரம் கட்ட வேண்டும். நாம் தேடுவது லாரியின் பின்சக்கரத்தில் இருக்கிற ஜோடி டயர். ஒன்று வெடித்தாலும் மற்றது சுமையைத் தாங்கி, ஒதுங்க ஒரு இடம் வரும்வரையாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். கால்சராய்ப் பையில் மடித்து வைக்கிற இரண்டாவது முகக்கண்ணாடி இருக்கிறதே, அது ஸ்டெப்னி. முதல் கண்ணாடி போனாலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், நிதானமாக எடுத்து மாட்டலாம். அதை 'மாற்று' என்று சொல்லிவிட்டுப் போவோம். மூச்சுக்கு அப்படி நேரம் கிடையாது.

எண்ணிக்கை மட்டும் இரண்டாக இருந்தால் போதாது என்பதும் முக்கியம். பனையேறியின் பெட்டியில் பாளை அரிவாளும் இருக்கும், மட்டை அரிவாளும் இருக்கும். இரண்டு அரிவாள்தான், ஆனால் வேலை வேறு வேறு, ஒன்று தவறி விழுந்தால் மற்றது அதன் வேலையைப் பார்க்காது. இதையே திருப்பிப் போட்டால் சாதாரண ஸ்கூபாவின் ஆக்டோபஸ். வாயில் ஒரு ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி), பக்கத்தில் தொங்க இன்னொன்று, வேலை இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனால் இரண்டும் சிலிண்டர் வால்வில் மாட்டுகிற ஒரே முதல்நிலை ரெகுலேட்டரில் இருந்து கிளம்புகின்றன. அந்த முதல்நிலை கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும். வாய் இரண்டு, தொண்டை ஒன்று. புதிதாகச் சாமான் எடுப்பவர்கள் ஏமாறுகிற இடம் இது, "எங்கிட்டயும் ரெண்டு இருக்கே" என்பார்கள். ஆகவே நம் சொல்லுக்குள் 'அதே வேலை' என்பதும் வர வேண்டும், 'தனி வழி' என்பதும் வர வேண்டும்.

எங்கள் சித்தப்பா சங்கு குளித்தவர். கம்ப்ரசர் படகில், ஒற்றைக் குழாய் கீழே. பத்துப் பாக (சுமார் 18 மீட்டர்) ஆழத்தில் இருக்கும்போது மேலே பெல்ட் அறுந்து காற்று நின்றுவிட்டது. குழாயை உதறிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தார். பிழைத்தார், ஆனால் அப்படி அவசரமாக ஏறியதில் ஒரு தோள் அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை. அவரிடம் போய் 'உங்களுக்கு மிகைமை இல்லாமல் போயிற்று' என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு இல்லாமல் போனது மிகை அல்ல, உயிருக்கு இன்னொரு வழி.

சரி, சொல்லுக்கு வருகிறேன். போன வாரம் நாங்குநேரி வழியாக வரும்போது மறுகால்குறிச்சி என்கிற ஊர்ப்பலகை கண்ணில் பட்டது. நம் பக்கத்தில் குளம் பெருகினால் 'மறுகால் பாயுது' என்போம். வயலுக்குத் தண்ணீர் போவது மடை வழி. மடை போதாமல் தண்ணீர் ஏறினால் கரை உடையாமல் காப்பது மறுகால். மடையோடு ஒட்டாத தனி வழி, குளம் வெட்டும்போதே சேர்த்துக் கட்டியது. அதில் ஓடுவது மிகை நீர்தான், ஆனாலும் மறுகாலை மிகை என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டார். மறுகால் இல்லாத குளத்தை அவர் நம்பவும் மாட்டார்.

அந்த 'மறு'வை எடுத்து 'மறுகாப்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மறுத்தல் என்கிற பொருள் குறுக்கே வராதா என்று யாராவது கேட்கலாம். மறுநாள், மறுகரை, கல்யாணத்தில் மறுவீடு என்று அடுத்தது, மற்றது என்ற பொருளில் தினமும் புழங்குகிற ஒட்டுதான், குழப்பம் வராது. மறுகாப்பு விளக்கு, மறுகாப்பு உள்ள அமைப்பு, மறுகாப்பின்மை என்று நீட்டவும் வசதி. 'இரட்டைக்காப்பு' என்றும் யோசித்தேன், ஆனால் குகைக்குள் போகிறவர்கள் ஒரு முதன்மை விளக்கோடு இன்னும் இரண்டு விளக்கு கொண்டுபோவார்கள், அங்கே இரட்டை என்பது இடிக்கும். மறுகால் தானாகப் பாயும், டைவர் கைநீட்டி எடுக்க வேண்டும், அந்த அளவுக்கு ஒப்புமை பொருந்தவில்லைதான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

இதை வைத்து அதே பையன்களுக்குத் திரும்ப எழுதிப் பார்த்தேன், சாமான் தேர்வு தானாகவே ஒழுங்குக்கு வந்தது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று என்றால் 2200 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவன் 40 மீட்டரில் அழுத்தம் ஐந்து மடங்கு என்பதால் ஐந்து மடங்கு, அதாவது 100 லிட்டர் இழுப்பான். கடைசிச் சொட்டுவரை இழுத்தாலும் 22 நிமிடம்தான், ரெகுலேட்டர் பிய்த்துக்கொண்டு ஊதினால் சில நிமிடத்தில் காலி. ஆகவே மறுகாப்பு முதலில் காற்றுக்கு. முதுகில் இரட்டைச் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனி முதல்நிலை. வலப்பக்கத்தில் இருந்து சுமார் 2.1 மீட்டர் நீளக் குழாய், கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் வாயில் இருப்பதையே எடுத்து நீட்டுவதற்கு. இடப்பக்கத்து ரெகுலேட்டர் கழுத்தில் வளையமாகத் தாடைக்குக் கீழே தொங்கும். சிலிண்டரோடு இணைப்பு டின் (DIN) என்கிற திருகி மாட்டும் வகைதான், நுகத்தடி மாதிரி கவ்வுகிற மற்ற வகையை வாங்கிவிட்டுப் பிறகு மாற்றாதீர்கள்.

அப்புறம், மிதவைச் சிறகு, அதாவது காற்று ஏற்றி மிதக்க முதுகில் மாட்டும் பை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான தண்ணீர், தண்ணீர் உள்ளே புகாத உலர் உடை யாரும் போடுவதில்லை, மெல்லிய உடைதான். குளிர்நாட்டில் சிறகு கிழிந்தால் உலர் உடையில் காற்று ஏற்றி மேலே வருவார்கள், அந்த மறுகாப்பு நமக்குக் கிடையாது. மெல்லிய உடையோடு கனத்த எஃகுச் சிலிண்டர் ஜோடி மாட்டிக்கொண்டு சிறகும் போனால் நீந்தி ஏறுவது பெரும்பாடு. நமக்கு அலுமினியம் ஜோடி, அல்லது இரண்டு பை உள்ள சிறகு. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

வெட்டும் கருவி இரண்டு, எந்தக் கை மாட்டிக்கொண்டாலும் மற்றக் கைக்கு எட்டும் இடத்தில். கடலுக்குள் விட்டுப்போன தங்கூசி (நைலான் இழை) வலை எத்தனை என்று மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். ஆழம் காட்டும் கணினி ஒன்று, கூடவே ஆழமும் நேரமும் காட்டும் கடிகாரமும் அட்டவணையும். முன்னே சொன்ன மாற்றுக் கண்ணாடியும் விளக்கும் போக, மற்றதையெல்லாம் இரட்டிக்கக் கூடாது. ஒவ்வொரு தொங்கலும் தண்ணீரில் இழுக்கும், கெட்டுப்போக இன்னொரு இடமாகவும் ஆகும்.

கடைசியாக ஒன்று, இதற்கும் கருத்துச் சொல்லுங்கள். இரட்டைச் சிலிண்டரை ஒரு குறுக்குக் குழாய் இணைக்கும், அதில் வலது, இடது, நடு என்று மூன்று வால்வு. கெட்ட பக்கத்து வால்வை மூடினால் மற்ற ரெகுலேட்டருக்கு இரண்டு சிலிண்டர் காற்றும் வரும். சிலிண்டர் கழுத்திலேயே கசிந்தால் நடு வால்வை மூடிப் பாதிக் காற்றையாவது காப்பாற்றலாம். இவற்றுக்கு வலமடை, இடமடை, நடுமடை என்று வைத்தால் என்ன? குளத்துக்குப் பழகிய பெயர்கள்தானே. ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கரையில் கையைப் பின்னால் நீட்டி வால்வு மூடிப் பழகுவார்கள், அப்போது இந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். நாக்கில் நிற்கிறதா என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.